உணவுக்குழாய் அமுக்க அளவீடு: நோயாளரும் உறவினரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"சாப்பாடு நெஞ்சுக்குள் நின்று விடுகிறது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது" என்று முறையிடுவோருக்கு எண்டொஸ்கொப்பியில் (கமராக் குழாயை வாயால் இறக்கி உள்ளே பார்ப்பதில்) ஒன்றும் அகப்படாதபோது, அடுத்ததாக உணவுக்குழாயின் அமுக்கத்தை அளக்கும் மனோமெற்றி என்னும் பரிசோதனை எழுதிக் கொடுக்கப்படுவதுண்டு. யாழ்ப்பாணத்துக் கிளினிக்குகளில் அந்தத் துண்டுடன் வெளியே வருவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. உங்களுடைய மருந்துகளையும் நோய்களையும் அறிந்த வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

விழுங்கும்போது உணவுக்குழாயின் தசைகள் எவ்வளவு வலுவுடன், எந்த ஒழுங்கில், எவ்வளவு நேர இடைவெளியில் சுருங்குகின்றன என்பதையும், குழாயின் மேல், கீழ் முனைகளில் உள்ள சுருக்குத் தசைகள் உரிய வேளையில் தளர்கின்றனவா என்பதையும் அது அளக்கிறது. எண்டொஸ்கொப்பி குழாயின் உட்சுவரைக் காட்டும். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்றே குழாயின் வடிவத்தையும் திரவம் இறங்கும் விதத்தையும் காட்டும். தசையின் வலுவை எண்ணாகச் சொல்வது மனோமெற்றி. இரத்த அழுத்தத்தை அளப்பது போலவே இங்கும் அலகு மில்லிமீற்றர் பாதரசமாகும்.

விழுங்கும்போது உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது?

நாம் விரும்பிச் செய்வது முதற்கட்டம் மட்டுமே. மென்ற கவளத்தை நாக்கு பின்னே தள்ளியதும் பொறுப்பு மூளையத் தண்டிலுள்ள விழுங்கல் மையத்துக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு இடையில் நிறுத்த முடியாது. ஒரு செக்கனுக்கும் குறைவான நேரத்தில் மூக்குக்குப் போகும் வழி அடைபட, குரல்வளை மேலெழுந்து மூடிக்கொள்ள, மூச்சு ஒரு கணம் நிற்க, மேற் சுருக்குத் தசை திறந்து கவளம் உணவுக்குழாய்க்குள் நுழைகிறது. இந்த ஒழுங்கு ஒரு கணம் பிசகினால்தான் பிரக்கடிக்கிறது.

வளர்ந்தவர்களில் உணவுக்குழாய் ஏறக்குறைய 20 முதல் 25 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. அதன் மேற்பகுதித் தசை கை கால்களில் உள்ளதைப் போன்ற வரித்தசை. கீழே போகப் போக அது குடலில் உள்ளதைப் போன்ற மழமழப்பான தசையாக மாறுகிறது. கவளத்துக்குப் பின்னால் ஒரு சுருக்கம் தோன்றி, செக்கனுக்கு மூன்று நான்கு சென்ரிமீற்றர் வேகத்தில் கீழ்நோக்கி நகர்ந்து, எட்டுப் பத்துச் செக்கன்களில் இரைப்பையின் வாயை அடைகிறது. நின்றுகொண்டு தண்ணீர் குடித்தால் தண்ணீர் இந்த அலையை முந்திக்கொண்டு விழுந்துவிடும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு விழுங்கினாலோ அலை அதனை மேல்நோக்கித் தள்ளி இரைப்பைக்குள் சேர்க்கும். ஆகவே உணவு தன் பாரத்தாலேயே கீழே விழுகிறது என்ற பரவலான எண்ணம் அரைவாசியே சரியானது.

இதில் பலரும் கவனியாத ஒன்று, கீழ்ச் சுருக்குத் தசை தளரத் தொடங்கும் நேரம். அலை வந்து முட்டிய பிறகு அது திறப்பதில்லை. விழுங்கத் தொடங்கியவுடனேயே, கவளம் இன்னும் மேலே இருக்கும்போதே, அது தளரத் தொடங்குகிறது. தோட்டத்துக்கு நீர் இறைப்பவர் முதலில் மடையை வெட்டிவிட்டுப் பிறகுதான் இயந்திரத்தை இயக்குவதைப் போன்றது இது. மடை திறவாமல் இயந்திரம் மட்டும் ஓடினால் வாய்க்காலுக்கு என்ன நேருமோ, அதுவே அகலேசியா என்னும் நோயில் உணவுக்குழாய்க்கு நேர்கிறது.

கீழ்ச் சுருக்குத் தசை மற்ற நேரங்களில் ஏன் மூடியிருக்கிறது?

மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் வெளிக்காற்றை விடக் குறைகிறது. வயிற்றுக்குள் அது கூடுதலாக இருக்கிறது. இடையில் ஒரு தடுப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் இரைப்பையின் அமிலம் மேலே உறிஞ்சப்படும். சுருக்குத் தசையும், அதனைச் சுற்றிப் பிடித்திருக்கும், நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் தசையும் சேர்ந்தே இந்தத் தடுப்பாகின்றன. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருந்தால் மனோமெற்றிப் படத்தில் ஒரு பட்டைக்குப் பதிலாக இரண்டு பட்டைகள் தெரியும். இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சறைக்குள் ஏறியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

எண்டொஸ்கொப்பி செய்யாமல் நேரடியாக இதைச் செய்துகொள்ளலாமா?

கூடாது. விழுங்குவதில் புதிதாகச் சிரமம் ஏற்பட்ட ஒருவருக்கு முதலில் விலக்க வேண்டியது புற்றுநோயும், அமிலப் புண்ணால் உண்டான இறுக்கமுமாகும். புகைத்தலும், மதுவும், வெற்றிலை பாக்கோடு புகையிலை சப்பும் வழக்கமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கான காரணங்கள். சுருட்டும் வெற்றிலைத் தட்டமும் பல வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்வரை சாதாரணமாக இருந்த நம் பிரதேசத்தில் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரைப்பையின் வாயிலில் வளரும் கட்டி சில வேளைகளில் மனோமெற்றியில் அகலேசியாவைப் போலவே தோற்றமளிக்கும். வயது கூடியவர், சில மாதங்களுக்குள் விரைவாக மெலிந்தவர் என்றால், எண்டொஸ்கொப்பி சரியாக இருந்தபோதும் வைத்தியர் சி.ரி. ஸ்கான் கேட்பது இதனாலேயே.

யாருக்கு இது தேவைப்படுகிறது?

எண்டொஸ்கொப்பியில் அடைப்பு எதுவும் இல்லாமலும் விழுங்கச் சிரமப்படுவோருக்கு முதலாவதாகத் தேவைப்படுகிறது. உணவுக்குழாய்ச் சுவரின் ஒவ்வாமை அழற்சி வெறுங்கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம் என்பதால், எண்டொஸ்கொப்பியின்போது உட்சுவரின் சிறு இழையத் துண்டுகளும் எடுத்துப் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இருதய நோய் இல்லை என்று உறுதியான பின்னரும் தொடரும் நெஞ்சுவலி, தோல் இறுகும் நோயான ஸ்கிளெரோடேர்மா, அமிலம் மேலேறுவதற்கான சத்திரசிகிச்சைக்கு முந்திய ஆயத்தம் ஆகியவை மற்றைய காரணங்கள். தசைக்கு வலுவே இல்லாத ஒருவருக்கு இரைப்பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டால் பிறகு அவரால் விழுங்க முடியாமற் போகலாம். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் இந்தப் பரிசோதனையைக் கேட்காத வைத்தியரிடம் நீங்களாகவே காரணத்தைக் கேட்பதில் தவறில்லை.

சாதாரண நெஞ்செரிவுக்கு இது தேவையில்லை.

எனக்குத் தொண்டையில்தான் சிக்குகிறது. நெஞ்சுக்குள் உள்ள குழாயை ஏன் பார்க்க வேண்டும்?

நோயாளர் விரலால் காட்டும் இடத்தை முழுமையாக நம்ப முடியாது. இரைப்பைக்கு அருகே உள்ள தடை தொண்டைக்குழியில் சிக்குவது போல உணரப்படுவதுண்டு. அதற்கு மாறாக, நெஞ்சின் கீழ்ப்பகுதியைக் காட்டுபவருக்குத் தொண்டையில் நோய் இருப்பது அரிது. விழுங்கத் தொடங்கவே முடியாமலிருத்தல், விழுங்கியவுடன் இருமல், தண்ணீர் மூக்கால் வருதல் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. பக்கவாதத்துக்குப் பின்னரும் பார்க்கின்சன் நோயிலும் இவை வரும். அத்தகையோருக்கு முதலில் உதவுவது எக்ஸ்றேயின் கீழ் விழுங்கலைப் படம்பிடிக்கும் பரிசோதனையும், பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரின் மதிப்பீடுமாகும்.

பரிசோதனை எவ்வாறு செய்யப்படுகிறது?

ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள, வளையக்கூடிய ஒரு குழாய் மூக்கின் வழியாக இரைப்பை வரை செலுத்தப்படுகிறது. மூக்குக்குள் விறைப்பூட்டும் லிக்னோகெயின் களி பூசப்படும். குழாய் தொண்டையைத் தாண்டும்போது தண்ணீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சி விழுங்கச் சொல்வார்கள். அந்த ஓரிரு நிமிடங்களே கடினமானவை. பின்பு குழாய் மூக்கில் பிளாஸ்ரரால் ஒட்டப்பட்டு, நீங்கள் மல்லாந்து படுத்துச் சற்று நேரம் அமைதியாக இருக்க விடப்படுவீர்கள்.

அதன் பின் 5 மில்லிலீற்றர் தண்ணீர் வாயில் விடப்பட்டு, ஒரே தடவையில் விழுங்கச் சொல்லப்படும். இவ்வாறு பத்துத் தடவை நடக்கும். இரண்டு விழுங்கல்களுக்கு இடையில் எச்சிலை விழுங்காமல் இருப்பது முக்கியமானது. ஒரு விழுங்கலின் அலை முடியுமுன் இன்னொன்று தொடங்கினால் முதலாவது அலை மூளையின் கட்டளையாலேயே நிறுத்தப்பட்டுவிடும், பதிவும் பயனற்றதாகும். இந்த இயல்பையே வேண்டுமென்று பயன்படுத்தும் ஒரு பகுதியும் உண்டு: 2 மில்லிலீற்றர் தண்ணீரை ஐந்து தடவை விரைவாக விழுங்கச் செய்வார்கள். நலமான குழாய் அந்த ஐந்துக்கும் அசையாமல் காத்திருந்து, கடைசி விழுங்கலுக்குப் பின் வழக்கத்தை விட வலுவாகச் சுருங்கும். வலுக்குறைந்த தசைக்குள் இன்னும் எவ்வளவு சேமிப்பு இருக்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. அதன்பின் எழுந்து உட்காரச் செய்து மேலும் சில விழுங்கல்களும், 200 மில்லிலீற்றர் தண்ணீரை நிறுத்தாமல் குடிப்பதும் இருக்கும். சில இடங்களில் பாண் துண்டோ சோறோ கூடக் கொடுப்பார்கள். வழக்கமாகத் திண்ம உணவே சிக்கும் ஒருவருக்குத் தண்ணீரை மட்டும் கொடுத்துப் பார்ப்பதை விட இது பொருத்தமானது. முழுவதும் அரை மணி நேரம் அளவில் முடிந்துவிடும்.

மயக்க மருந்து கொடுக்க மாட்டார்களா? வலிக்குமா?

கொடுக்க மாட்டார்கள். நீங்கள் விழித்திருந்து விழுங்க வேண்டும். அத்துடன் மயக்க மருந்துகள் அளக்கப்படும் தசைகளின் வேலையையே மாற்றிவிடும். வலியை விட ஓங்காளமும், கண்ணில் நீர் வருவதும், தொண்டையில் ஏதோ இருக்கிறது என்ற அந்தரமுமே பெரும்பாலானோருக்கு ஏற்படுகின்றன. மூச்சு வேறு வழியால் போகிறது என்பதை நினைவில் வைத்து மூக்கால் மெதுவாக மூச்சு விட்டால் ஓங்காளம் அடங்கும்.

ஆபத்து உண்டா?

மிகக் குறைவு. மூக்கால் சிறிது இரத்தம் கசியலாம், தொண்டை ஒருநாள் நோகலாம், சிலருக்குத் தலைசுற்றல் வரலாம். மூக்கெலும்பு வளைந்து வழி அடைபட்டவர்களும், இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சு எதுவும் இல்லை.

எப்படி ஆயத்தமாக வேண்டும்?

வழக்கமாக ஆறு மணி நேரம் எதுவும் உண்ணாமல் இருக்கச் சொல்வார்கள். அகலேசியா என்று சந்தேகிக்கப்படுவோருக்கு முதல்நாள் சாப்பிட்டது அடுத்தநாள் காலையிலும் குழாய்க்குள் கிடக்கலாம் என்பதால், முதல்நாள் முழுவதும் திரவ உணவு மட்டும் எடுத்து, கூடுதல் நேரம் வெறுவயிற்றில் இருக்கும்படி கூறப்படலாம்.

மருந்துகளே பெரிய சிக்கல். டொம்பெரிடோன், மெற்றோக்ளோபிறமைட் போன்றவை தசையைத் தூண்டும். நைற்றிரேற்றுகளும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிப்பின், டில்ற்றியசெம் போன்றவையும் சுருக்குத் தசையைத் தளர்த்தும். மோர்பின், ட்ரமடோல் போன்ற வலிநீக்கிகள் அகலேசியாவைப் போன்ற ஒரு படத்தையே உண்டாக்கிவிடக்கூடும். எவற்றை நிறுத்துவது, எத்தனை நாளுக்கு என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். இருதயக் குளிசையை யாரும் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்த முடியாவிட்டால் மருந்தின் பெயரைப் பரிசோதிப்பவரிடம் சொல்லிப் பதிவு செய்தாலே போதும்.

கொழும்புக்கு அனுப்பப்படுவோருக்கு ஒரு குறிப்பு. இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் இறங்கி நேரே பரிசோதனைக்குப் போக நினைப்பவர்கள் வழியில் தேநீர்க் கடையில் எதையும் உண்ணாமல் இருக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் அந்தக் காலை அளவை என்ன செய்வது என்று இங்கிருந்து புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். வெறுவயிற்றோடு நெடும்பயணம் போய்ச் சீனி இறங்கி மயங்குவது பரிசோதனையை விடப் பெரிய ஆபத்து. எண்டொஸ்கொப்பி அறிக்கையையும், பேரியம் படங்களையும், குளிசைகளின் பெயர்ப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அறிக்கையிலுள்ள வண்ணப் படத்தையும் எண்களையும் எப்படி வாசிப்பது?

படத்தில் இடமிருந்து வலமாகச் செல்வது நேரம். மேலிருந்து கீழாகச் செல்வது தொண்டையிலிருந்து இரைப்பை வரையான தூரம். நிறம் அமுக்கத்தைக் குறிக்கிறது. நீலம் குறைவு, பச்சையும் மஞ்சளும் நடுத்தரம், சிவப்பு அதிகம். நலமான ஒருவரின் விழுங்கலில் மேலும் கீழும் இரண்டு கிடைப் பட்டைகள் இருக்கும். அவை சுருக்குத் தசைகள். விழுங்கியதும் இரண்டும் மங்க, மேலிருந்து கீழாக ஒரு சரிவான பட்டை இறங்கி வரும். வரித்தசை மற்றைய தசையாக மாறும் இடத்தில் அந்தச் சரிவில் ஒரு சிறு மங்கல் இருப்பது இயல்பே. அதனைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எண்களில் மூன்று முக்கியமானவை. ஐ.ஆர்.பி. என்பது விழுங்கிய பின்னான பத்துச் செக்கன்களுள் கீழ்ச் சுருக்குத் தசை மிக நன்றாகத் தளர்ந்திருந்த நான்கு செக்கன்களின் சராசரி அமுக்கம். படுத்த நிலையில், பரவலாகப் பயன்படும் ஒருவகைக் கருவியில் இது 15 மில்லிமீற்றர் பாதரசத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேறு கருவிகளில் எல்லை 22 வரை போகும். ஆகவே இரண்டு இடங்களில் எடுத்த அறிக்கைகளை எண்ணுக்கு எண் ஒப்பிடுவது பிழையான முடிவுக்கே இட்டுச் செல்லும். டி.சி.ஐ. என்பது சுருக்கத்தின் வலுவையும், அது நீடித்த நேரத்தையும், பரவிய நீளத்தையும் ஒன்றாகச் சேர்த்த அளவு: 450 முதல் 8000 வரை இயல்பு, 450க்குக் கீழே வலுக்குறைவு, 100க்குக் கீழே அலையே இல்லை என்று கொள்ளப்படும். மூன்றாவதான டி.எல்., விழுங்கத் தொடங்கியதிலிருந்து அலை குழாயின் அடிப்பகுதியை அடையும் வரையான நேரம். அது 4.5 செக்கனிலும் குறைந்தால் அலை அவசரப்பட்டுவிட்டது, அதாவது தசை இழுப்பு, என்று பொருள்.

அறிக்கையை முதலில் எண்ணிலிருந்து வாசிக்கத் தொடங்குபவர்கள் வழி தவறுகிறார்கள் என்பது எனது கருத்து. கீழ்ச் சுருக்குத் தசை திறக்கிறதா என்பதே முதற் கேள்வி. குழாய் தள்ளுகிறதா என்பது அதற்கு அடுத்தது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் மற்றவை விவரங்களே.

இந்த அளவீடு எப்போது தொடங்கியது?

யாழ்ப்பாணத்தில் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் அமெரிக்கா திரும்பிப் பத்தாண்டுகள் ஆகியிருந்த 1883ஆம் ஆண்டில், குரோனெக்கர், மெல்ற்சர் என்ற இருவர் காற்று நிரப்பிய சிறு பலூன்களை மனிதரின் உணவுக்குழாய்க்குள் இறக்கி விழுங்கலைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். குழாயை விழுங்கியவர் மெல்ற்சரேதான். 1950களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சார்ல்ஸ் கோட் என்பவரின் குழு கீழ் வாயிலில் உயர் அமுக்க வலயம் இருப்பதை நலமான மனிதர்களிடம் அளந்து காட்டியது. 1970களில் நீர் செலுத்தும் குழாய்களும், அவுஸ்திரேலியரான ஜோன் டென்ற் உருவாக்கிய உறை வடிவிலான அமுக்க உணரியும் அளவீட்டை நம்பத்தக்கதாக்கின. ஆனால் உணரிகள் சில சென்ரிமீற்றர் இடைவெளியில் இருந்ததால் இடையில் நடந்தது தெரியவில்லை. 1990களில் ரே கிளவுஸ் உணரிகளை நெருக்கி, வரைகோடுகளுக்குப் பதிலாக வண்ணப் படத்தை அறிமுகப்படுத்தினார். இன்றைய குழாய்களில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாக 36 உணரிகள் இருக்கின்றன. படங்களை வாசிக்கும் பொது விதியான சிக்காகோ வகைப்பாடு 2009இல் வந்தது. அதன் நான்காம் பதிப்பு 2021இல் வெளியானது.

அகலேசியா என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன?

சுருக்குத் தசையைத் தளர்த்தும் நரம்புக் கலங்கள் உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே அழிந்துபோவதால் வரும் நோய் அது. ஆண்டுக்கு இலட்சத்தில் ஒருவர் அளவில் புதிதாகக் காணப்படும் அரிய நோய். திண்மமும் திரவமும் ஒருங்கே சிக்குவது இதன் அடையாளம். படுக்கையில் செரிக்காத உணவு வாய்க்கு வருவதும் இரவு இருமலும் உண்டு. பல நோயாளர் ஆண்டுக்கணக்கில் அமிலக் குளிசை விழுங்கிய பின்னரே சரியான இடத்துக்கு வருகிறார்கள்.

மனோமெற்றியில் மூன்று வகைகள் பிரிக்கப்படுகின்றன. மூன்றிலும் கீழ்ச் சுருக்குத் தசை சரியாகத் தளர்வதில்லை. முதலாம் வகையில் குழாய் அசைவற்றுக் கிடக்கும்; இரண்டாம் வகையில் முழுக்குழாயும் ஒரே நேரத்தில் அமுக்கத்தால் நிறையும்; மூன்றாம் வகையில் அவசரமான இழுப்புச் சுருக்கங்கள் இருக்கும். இரண்டாம் வகை சிகிச்சைக்கு மிக நன்றாக இணங்கும். மூன்றாம் வகைக்குப் பலூனால் விரித்தல் அவ்வளவாகப் பயன்தராது. தசையை நீளமாக வெட்டக்கூடிய முறையே அதற்கு ஏற்றது. நோயின் பெயரோடு வகையையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவே.

1674இல் தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில வைத்தியர், திமிங்கிலத்தின் வாய்த் தகட்டாலான கோலின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, ஒவ்வொரு சாப்பாட்டின்போதும் உணவைத் தள்ளி இறக்கும்படி ஒரு நோயாளருக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். இன்று 30 முதல் 40 மில்லிமீற்றர் விட்டமுள்ள பலூனால் விரித்தல், 1913இல் ஏர்ணஸ்ற் ஹெல்லர் தொடங்கிய தசை வெட்டும் சத்திரசிகிச்சை, 2008இல் ஜப்பானின் ஹருஹிரோ இனொவே எண்டொஸ்கொப்பி வழியாகவே முதலில் செய்த வெட்டு ஆகியவை உள்ளன. எதுவும் அழிந்த நரம்பை மீட்பதில்லை. எல்லாம் வாயிலின் தடையை நீக்குபவையே. எண்டொஸ்கொப்பி வழியான வெட்டுக்குப் பின் அமிலம் மேலேறுவது சாதாரணம் என்பதால் மருந்து தொடர வேண்டிவரலாம்.

எனக்குப் பெரிதாக முறைப்பாடு இல்லை. அறிக்கையில் மட்டும் ஓர் எண் கூடியிருக்கிறது. நோயா?

பெரும்பாலும் இல்லை. ஐ.ஆர்.பி. சற்றுக் கூடியிருந்து, அலை ஒழுங்காக இருக்குமானால், எழுந்திருந்து விழுங்கும்போதும் அது கூடியிருக்கிறதா, பேரியம் படத்திலும் தேக்கம் தெரிகிறதா, விழுங்கச் சிரமமோ நெஞ்சுவலியோ உண்மையில் இருக்கிறதா என்று பார்க்காமல் நோயென்று சொல்லக் கூடாது என்பதே 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டின் நிலைப்பாடு. எண்ணுக்காக மட்டும் யாரும் தசையை வெட்டிக்கொள்ளக் கூடாது.

எல்லாம் சரியென்று வந்திருக்கிறது. அப்படியென்றால் இது வெறும் மனப்பிராந்தியா?

இல்லை. அளக்கப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் பெரிய இயக்கக் கோளாறு இல்லை என்பதற்கு மேல் அந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. குழாயின் உணர்வு நரம்புகள் கூர்மையாகிவிட்டவர்கள் இயல்பான அலையையும் சிக்கலாக உணர்வதுண்டு. அதற்கு விளக்கமும், சில வேளை நரம்பின் உணர்வைத் தணிக்கும் குறைந்த அளவு மருந்தும் உதவுகின்றன. "எல்லாம் நினைப்புத்தான்" என்று வீட்டில் சொல்லிச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒருவரைக் குறுகச் செய்வதால் எந்தப் பயனும் இல்லை.

இதுவும் 24 மணி நேர அமிலப் பரிசோதனையும் ஒன்றா?

வேறு வேறு. அமில உணரியைக் கீழ்ச் சுருக்குத் தசைக்கு 5 சென்ரிமீற்றர் மேலே வைக்க வேண்டியிருப்பதால், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முதலில் மனோமெற்றி செய்யப்படுகிறது. அமிலக் குளிசையை ஒரு கிழமைக்கு முன் நிறுத்தச் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பரிசோதனைக்காகவே.

பரிசோதனைத் திகதி வரும்வரை சாப்பாட்டை என்ன செய்வது?

காய்ந்த புட்டும், பாணும், நார் இறைச்சியும் முதலில் சிக்குபவை. புட்டைச் சொதி விட்டு நன்றாகக் குழைத்தும், சோற்றைக் கஞ்சிப் பதத்திலும், மீனை முள் நீக்கி மசித்தும் சிறு கவளங்களாக உண்ணலாம். கூழ் நல்ல தெரிவு. நிமிர்ந்து உட்கார்ந்து, பேச்சைக் குறைத்து, ஒவ்வொரு சில கவளத்துக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரமாவது விட்டு, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்வது இரவில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போவதைக் குறைக்கும். உணவு சிக்கிக்கொண்டு எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டாலோ, இரத்தமாகச் சத்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, காய்ச்சலோடு மூச்சுத் திணறினாலோ அந்தத் திகதிக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.